நீர் போகும் வழியே



மிதிவண்டி விடத் தெரியாதவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர். பதினோராம் வகுப்பில் அரசு அளித்த வண்டி பலர் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. பள்ளிக்கும், கடைத்தெருவுக்கும், நண்பர் வீட்டுக்கும் அதில் போகிறீர்கள். ஆயினும் அதே வண்டியில் விடியற்காலை புறப்பட்டு, ஓர் ஆற்றங்கரை, ஓர் ஏரிக்கரை, பின்னும் ஓர் ஆற்றங்கரை என்று ஒரு பகல் முழுதும் சுற்றி, விளக்கு வைக்கும் நேரத்திற்குள் ஊர் சேர்ந்தவர் எத்தனை பேர்? உங்களைக் குறை கூறவில்லை. நானும் என் அறுபத்தோராம் வயது வரையில் அப்படி ஒரு நாள் போனவன் அல்லன். போயிருக்க வேண்டியவன், போகவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் கொள்ளிடத்து அணைக்கரையில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் மதகுகளைத் திறப்பதும் அடைப்பதும், கரைகளைச் சுற்றிப் பார்ப்பதும் வேலையாகக் கொண்ட பாசனப் பணியாளர். காக்கிச் சட்டை, தோளில் ஒரு துண்டு, வண்டியின் குறுக்குக் கம்பியில் கட்டிய ஒரு மண்வெட்டி - இதுவே அவர் கோலம். என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன் என்பார். அவர் வண்டியின் பின் இருக்கையில் உட்கார எனக்கு வெட்கம். அவர் சட்டையில் எந்நாளும் சேறு இருக்கும். "வடவாற்றுக் கரையோடு ஏரி வரைக்கும் ஒரு நாள் வா" என்று எத்தனையோ முறை அழைத்தார். பரீட்சை என்றேன், பிறகு வேலை என்றேன். அவர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வழியைத்தான் சென்ற தை மாதத்தில், பொங்கல் விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை, தனியே மிதித்துப் பார்த்தேன்.

முதல் நாள் மாலையே அணைக்கரையில் இருக்கும் என் தமக்கையார் வீட்டிற்குப் போய்விட்டேன். வண்டி, என் மைத்துனருடையது. பற்சக்கரம் பல கொண்ட புதுவகை வண்டியன்று. பால்காரரும் தபால்காரரும் ஓட்டுகிற சாதாரண வண்டிதான். ஏற்றமே இல்லாத நாட்டில் அதுவே போதும். மேட்டூரிலிருந்து இறங்கி வரும் காவிரி நாடு, கண்ணுக்குத் தெரியாத சரிவிலேதான் கடல்வரை போகிறது. பம்பு ஒன்று, ஒட்டுப்போடும் சாமான் ஒரு பொட்டலம், ஒரு புட்டி தண்ணீர், தமக்கையார் கட்டிக் கொடுத்த புளியோதரை. இவற்றோடு, அரைத்தாளில் நானே வரைந்த ஒரு வழிப்படம்.

வழிகாட்டி யாரும் வேண்டாமா என்று தமக்கையார் கேட்டார். நீரே வழிகாட்டி என்றேன். இது அலங்காரப் பேச்சன்று. கொள்ளிடத்தில் அணை, அணையிலிருந்து வடவாறு, வடவாறு சேருமிடம் வீராணம் ஏரி, ஏரியின் மிகுதி நீரில் ஒரு பகுதி சேருமிடம் வெள்ளாறு. வாய்க்காலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நீர் ஓடும் திசையில் மிதித்தால் ஏரி வந்தே தீரும். கைப்பேசியும் வழி சொல்லும். ஆனால் அது சொல்லும் வழி பேருந்து போகும் நெடுஞ்சாலை. எனக்கு வேண்டியது நெடுஞ்சாலையன்று.

ஐந்தரை மணிக்கு இருட்டோடு புறப்பட்டேன். அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டு கிளைகளாகப் பிரிந்து நடுவே ஒரு திட்டை விட்டுச் செல்கிறது. இரண்டு கிளைகளுக்கும் குறுக்கே அணை. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் அமைத்தது இது. காவிரியிலிருந்து பிரிந்த கொள்ளிடம் வெள்ளத்தையெல்லாம் வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் ஆறு. அந்த நீரைக் கடைசி முறையாக மறித்துக் கால்வாய்களில் திருப்புவதே இந்தக் கீழணையின் தொழில். வடகரையில் வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும், தென்கரையில் தெற்கு ராஜன் வாய்க்காலும் இங்கேதான் பிறக்கின்றன. மதகு வழியே நீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு குறுகிய பழைய பாலத்தைக் கடந்தேன். சிறு வயதில் எனக்குத் தாலாட்டாக இருந்த ஓசை அது. சென்னையில் குடியேறிய முதல் ஆண்டில், அந்த ஓசை இல்லாமல் தூக்கம் பிடிக்காமல் தவித்தது நினைவுக்கு வந்தது.

பாலத்தைத் தாண்டியதும் ஓர் ஆசை எழுந்தது. வடக்கே சிறிது தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம். போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று மனம் சொல்லிற்று. போகவில்லை. ஒரு நாள் பயணத்திற்குப் புறப்படும்போது எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதைவிட, எதைப் பார்க்காமல் விடுவது என்று முடிவு செய்வதே கடினம். உங்களுள் யாராவது அந்த வழியே போனால் அந்தக் கோயிலுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

வடவாற்றின் நீளம் சுமார் 22 கிலோமீட்டர். கரைவழி சில இடங்களில் தார்ச்சாலை, சில இடங்களில் வெறும் மண். பனி நெற்றியில் ஈரமாக ஒட்டியது. வாடைக்காற்று எதிரே வந்தது. தை மாதத்தில் வடகிழக்கு நோக்கிப் போகிறவனுக்கு அது தப்பாது. ஆகவே மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. அதில் ஒரு நன்மை உண்டு. பேருந்தில் போகிறவன் 'வயல்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவதை நான் பல வயல்களாகப் பார்த்தேன். ஒன்றில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அடுத்ததில் இன்னும் பச்சை மாறவில்லை. அதற்கப்பால் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் நீண்ட கோலோடு நின்றார். அவரைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கான வாத்துகள், சந்தைக்கடை போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

எட்டு மணி அளவில் காட்டுமன்னார்கோயில். இது வீரநாராயணபுரம் என்னும் பழம்பெயர் உடையது. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயர். 907 முதல் 955 வரை ஆண்ட அவன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் படையோடு தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டு வெட்டுவித்ததே ஏரி என்று கூறுவர். அந்த வீரநாராயண ஏரி என்ற பெயர்தான் மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. போருக்கென்று கூட்டிய கைகள் மண் வெட்டின என்பது உண்மையாக இருக்குமானால், நம் வரலாற்றில் அதைப்போல் மகிழ்ச்சி தரும் செய்திகள் மிகுதியில்லை. இராசாதித்தனோ 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடி மாண்டான்.

சிற்றுண்டி முடித்து, உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குள் அரைமணி நேரம் நின்றேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றி முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இக்கோயிலில் இருக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையைப் படித்தவர்களுக்கு அதன் முதற் காட்சியே நினைவிருக்கும்: வந்தியத்தேவன் குதிரைமேல் இந்த ஏரிக்கரையோடுதான் வருகிறான். கதை தொடங்கும் கரையும், கதையின் நடுவே நிகழும் கொலைக்குச் சான்று கூறும் கல்லும் இத்தனை பக்கத்தில் இருக்கின்றன என்பதை அன்றுதான் கால்களால் அறிந்தேன்.

அடுத்தது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்கால்களின் குளிர்ச்சி சாலை வரைக்கும் வந்தது. ஏரி நிரம்பி வழியும் காலத்தில் நீரை வெளியேற்றும் வெள்ளியங்கால் ஓடையின் மதகு இங்கே இருக்கிறது. அதைக் கடந்து கரைமேல் ஏறினேன்.

ஏரியைப் பார்த்த அந்தக் கணத்தைப் பற்றி நீட்டிப் பேசுவது எளிது, பேசப் போவதில்லை. இடப்பக்கம், எதிர்க்கரை தெளிவாகத் தெரியாத நீர்ப்பரப்பு. வலப்பக்கம், அந்த நீர்மட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கும் வயல்கள். நடுவே நான் மிதிக்கும் கரை. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கரை இல்லாவிட்டால் வலப்பக்கத்து ஊர்கள் ஒன்றும் இல்லை என்பது பார்த்தவுடனே விளங்கிவிடும். கரையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். ஏரியின் அகலம், மிகுந்த இடத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பாசனம் பெறும் நிலம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர்.

நாளிதழ்களில் "வீராணம் 47.5 அடியை எட்டியது" என்று படித்திருப்பீர்கள். அது ஆழமன்று. கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். அத்தனை ஆழம் இருந்தால் அது ஏரியாகாது. வீராணம் பரந்தது, ஆழங்குறைந்தது. முழுக் கொள்ளளவு 146 கோடியே 50 இலட்சம் கன அடி. கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் இதையும் போட்டுப் பாருங்கள்: ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர், ஆக ஏரி நிறைந்தால் ஏறக்குறைய 4,150 கோடி லிட்டர். இந்த ஏரியிலிருந்து 2004ஆம் ஆண்டு முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். வயலுக்கு ஒரு சொட்டும் விடாமல், வெயிலும் ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்தால் சென்னைக்கு 230 நாள் வரும். வயலும் விடாது, வெயிலும் விடாது. போதாதற்கு மேற்கேயிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மழைக்காலத்தில் நீரோடு வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆகவே முழுக் கொள்ளளவு என்பது ஏட்டில் இருக்கும் அளவுக்கு ஏரியில் இல்லை. இருபது ஆண்டுகளாக நான் சென்னைக் குழாயடியில் பிடித்துக் குடித்த நீரில் இந்த ஏரியின் நீரும் கலந்திருந்தது. அதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்தவன் அல்லன்.

மதகுகளை எண்ணிக்கொண்டே போகவேண்டும் என்பது என் திட்டம். எண்ணிக்கொண்டும் போனேன். பத்தரை மணிக்குப் பின்சக்கரம் தட்டத் தொடங்கிற்று; எண்ணிக்கை மறந்துபோயிற்று. கருவேல முள் ஒன்று அடியில் ஏறியிருந்தது. இறங்கி, வண்டியைக் கவிழ்த்து, டயரைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டேன். இதுவரை எல்லாம் சரி. பொட்டலத்தைப் பிரித்து ஒட்டும் பசையை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. எத்தனை ஆண்டுகளுக்கு முன் வாங்கியதோ, உள்ளேயே காய்ந்து கல்லாகியிருந்தது. புட்டியில் இருந்த தண்ணீரையும் அதற்கு முன்பே குடித்து முடித்திருந்தேன். பக்கத்தில் கோடிக்கணக்கான கன அடி நீர், நாக்கு வறண்டது. பேருந்துகள் கடந்து போயின. அவற்றில் ஏற்றவும் வழியில்லை, வண்டியை விட்டுப்போகவும் மனமில்லை. தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அரைமணி நேரம் நடந்திருப்பேன். கரைக்குக் கீழே, வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் ஒரு சிறு கிளை வாய்க்கால். அதன் கரையின் வெளிப்புறத்தில், மாலைச் சூரியன் பட்டதுபோல ஒரு திட்டு பளபளத்தது. காலை வேளையில் நிழல் விழும் பக்கம் அது. அங்கே பளபளக்கக் கூடாது. வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். கரையின் அடியிலிருந்து நீர் கசிந்து, முதிர்ந்த கதிர் நிற்கும் ஒரு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

என் தந்தையார் சாப்பிடும்போது கூடக் கசிவைப் பற்றித்தான் பேசுவார். நானும் கேளாதவன்போல் கேட்டுக்கொண்டிருப்பேன். மண்கரை என்றால் கசியும், அது குற்றமன்று. கசியும் நீர் தெளிவாக இருந்தால் அஞ்ச வேண்டாம். கலங்கலாக இருந்தால் உடனே ஆள் கூப்பிட வேண்டும். கலங்கல் என்றால் கரையின் மண் உள்ளேயிருந்து அரிபடுகிறது என்று பொருள். அரிக்க அரிக்க வழி பெரிதாகும். வழி பெரிதாகப் பெரிதாக இன்னும் விரைவாக அரிக்கும். கையில் ஏந்திப் பார்த்தேன். கலங்கல்தான்.

சத்தமிட்டேன். இரண்டு வயல் தள்ளி ஒரு பெரியவர் நிமிர்ந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். அவருடன் பள்ளி மாணவி ஒருத்தி, அவர் பேத்தி. வந்து பார்த்தவர் முகம் மாறிற்று. அறுவடை இயந்திரம் மறுநாள் வருவதாக இருந்ததாம். வயலில் நீர் நின்றால் இயந்திரம் இறங்காது. இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் எப்போது திரும்புமோ தெரியாது. சாய்ந்த கதிர் நீரில் படிந்தால் முளைத்துவிடும்.

அவர் ஒரு பிடி களிமண்ணை எடுத்து நீர் வெளிவரும் துளையில் வைக்கப் போனார். நான் தடுத்தேன். "வெளியே அடைத்தால் உள்ளே நிற்கும் நீர் வேறு வழி தேடும். உள்வாயைக் கண்டுபிடிக்க வேண்டும், ஐயா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டணத்துச் சட்டையும், கையில் பம்புமாக நின்ற என்னை நம்புவது அவருக்கு எளிதாக இருந்திராது. "உள்வாய் எங்கே என்று எப்படித் தெரியும், தம்பி?" என்றார். "உமி இருக்கிறதா?" என்றேன்.

உமி இல்லை. பேத்தி பக்கத்துக் களத்திலிருந்து பதர் ஒரு முறம் கொண்டுவந்தாள். வாய்க்கால் நீரின்மேல் அதைத் தூவினோம். பதர் மெல்ல மிதந்து போயிற்று. ஓரிடத்தில் மட்டும், கரையோரம், நாலைந்து பதர் நின்று சுழன்று கீழே இழுக்கப்பட்டது. அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிக் காலால் துழாவினார். நண்டு வளை. வைக்கோலைக் களிமண்ணோடு பிசைந்து உருட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தோம்; அவர் காலாலேயே உள்ளே தள்ளி மிதித்தார். மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டி. கால்மணி நேரத்தில் வெளிப்புறக் கசிவு மெலிந்தது, பிறகு தெளிந்தது, பிறகு நின்றது. என் சட்டை முழுதும் சேறு.

தண்ணீர் கேட்டேன். ஒரு செம்பு நிறைய மோரே வந்தது. டயர் கதையைக் கேட்டதும் அந்தப் பெண், நான் சொல்லி முடிப்பதற்குள் தன் வண்டியில் ஏறிவிட்டாள். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கடை இருந்ததாம். பசையோடு திரும்பினாள். ஒட்டுப்போடும் வேலையையும் அவளே செய்தாள்; என்னைவிட நன்றாகவே செய்தாள். காசு கொடுத்தபோது பசையின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாள்.

புளியோதரையை நால்வருமாகப் பகிர்ந்து உண்டோம். நான்காமவர் பெரியவருடைய மனைவியார். உண்ணும்போது பெரியவர் கேட்டார்: "இந்த வேலையெல்லாம் எங்கே கற்றீர்கள்?" தந்தையார் அணைக்கரை லஸ்கர் என்றேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். சற்று நேரம் யோசித்தார். "பெயர் நினைவில்லை. ஆனால் வெள்ளக் காலத்தில் ஒரு லஸ்கர் இந்தக் கரை வரைக்கும் சைக்கிளில் வருவார். கம்பியில் மண்வெட்டி கட்டியிருக்கும். இரவில் பாடிக்கொண்டே வருவார், யாரோ வருகிறார் என்று நாய்கள் குரைப்பதற்கு முன் எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்றார்.

மண்வெட்டி கட்டாத லஸ்கர் யார்? என் தந்தையார் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. அவர்தாமா என்று எனக்குத் தெரியவில்லை, பெரியவருக்கும் தெரியவில்லை. வேறு எதுவும் நினைவிருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். இல்லை என்றார்.

ஒன்றரை மணிக்கு விடைபெற்றேன். பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஏரியின் வடகோடி, பூதங்குடி, அதன்பின் சேத்தியாத்தோப்பு. அங்கே வெள்ளாற்றின் குறுக்கே இன்னோர் அணைக்கட்டு. கடையில் தேநீர் குடித்தேன். கடைக்காரர் என் சட்டையைப் பார்த்து, "எந்த ஊரில் நடவு?" என்று கேட்டார். தை மாதத்தில் நடவா என்று நானும் கேட்கவில்லை. புவனகிரி வரையில் காற்று பக்கவாட்டில் வந்ததால் கால்களுக்கு ஓய்வு. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி இறங்கினேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு கிழக்கே பரங்கிப்பேட்டைக் கடலை நோக்கி ஓசையின்றிப் போயிற்று. காலையில் அணைக்கரையில் என்னோடு புறப்பட்ட நீர் இன்னும் இங்கே வந்திராது. ஏரிக்குள் எங்கேயோ இருக்கும்.

சிதம்பரம் சேரும்போது ஆறு மணி. அன்று மிதித்தது ஏறக்குறைய 70 கிலோமீட்டர், தள்ளியது தனிக்கணக்கு. மைத்துனர் பேருந்தில் வந்து வண்டியை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார். என்னைக் கண்டதும், "என்ன, மாமாவைப்போலவே வருகிறீர்கள்!" என்றார். அவர் சொன்ன மாமா, என் தந்தையார். சட்டையைக் குனிந்து பார்த்தேன். சேறு காய்ந்து வெளுத்திருந்தது. தட்டிவிடாமலே இரயில் ஏறினேன்.